மலையைக் கூறுபோட்ட கோடு

(ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)



தேர்தல் என்றதும் நம் கண்முன் வருவது கொடியும் மைக்கும் சுவரொட்டியும்தான். யார் நிற்கிறார், யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் வாதம் செய்கிறோம். ஆனால் நாம் ஓட்டுச் சாவடிக்குப் போவதற்கு வெகுநாள் முன்பே ஒரு காரியம் முடிந்துபோகிறது. எந்த ஊரை எந்தத் தொகுதியில் சேர்ப்பது என்று கோடு கிழிக்கிறார்களே, அந்தக் காரியம்! அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இதோ நம் தலைக்கு மேலே நிற்கிறது ஜவ்வாது மலை. செய்யாறு பிறப்பது இங்கேதான். சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் இங்கிருந்துதான் சந்தைக்கு இறங்குகின்றன. இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையில் வாழ்வதால் வந்த பெயர். பேசுவது தமிழ். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின்கீழ் வெள்ளைக்காரன் 'ரிசர்வ் காடு' என்று அறிவித்தான். நிலத்துக்குச் சொந்தக்காரன் அன்று முதல் காட்டிலாகாவின் கண்ணில் ஆக்கிரமிப்புக்காரன் ஆனான். வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்தப் பார்வை போகவில்லை.

இந்த மலை ஒன்று. ஆனால் சர்க்கார் காகிதத்தில் மூன்று. 1989இல் வடாற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் அமைந்தது. 2019இல் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூர் மாவட்டம் அமைந்தது. இன்று ஜமுனாமரத்தூர் ஒரு கலெக்டரிடம், புதூர்நாடு இன்னொரு கலெக்டரிடம், பீஞ்சமந்தை மூன்றாவது கலெக்டரிடம்! தொகுதியும் அப்படியே. ஜமுனாமரத்தூர் கலசபாக்கம் அஸெம்பிளித் தொகுதி. புதூர்நாடு திருப்பத்தூர் தொகுதி. பீஞ்சமந்தை அணைக்கட்டுத் தொகுதி. முதல் இரண்டும் திருவண்ணாமலை பார்லிமெண்ட் தொகுதியில் சேரும். மூன்றாவது வேலூரில் சேரும்.

இந்தத் தொகுதியின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

1952 பொதுத் தேர்தலில் சென்னை அஸெம்பிளியின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152தான். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். நம் பகுதியில் உழைக்கும் வன்னிய மக்களின் ஓட்டைத் திரட்டியது மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. அது 6 இடங்கள் பெற்றது. ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். ஓட்டுப் போட்டவன் கலப்பையோடு வயலுக்குத் திரும்பினான். அவனுடைய ஓட்டு காங்கிரஸ் மந்திரிசபைக்கு முட்டுக்கொடுத்தது. ஜாதியின் பேரால் திரட்டிய உழைப்பாளி ஓட்டு எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அது முதல் பாடம்.

1957இல் திருவண்ணாமலை பார்லிமெண்ட் தொகுதியில் ஆர். தர்மலிங்கம் வென்றார். தி.மு.க.விலிருந்து முதன்முதல் லோக்சபைக்குப் போன இருவரில் அவர் ஒருவர். 1962இலும் அவரே வென்றார். 1967 தேர்தலில் திருவண்ணாமலைத் தொகுதி இல்லை. திருப்பத்தூர்த் தொகுதி வந்தது. 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரசின் ஜெயமோகன். 1996 முதல் 2004 வரை நான்கு முறையும் தி.மு.க.வின் வேணுகோபால். 2008 மறுவரையறையில் திருப்பத்தூர்த் தொகுதி மறைந்து, 2009இல் மீண்டும் திருவண்ணாமலை வந்தது. அப்போது வென்றவரும் வேணுகோபாலே. 2014இல் அ.தி.மு.க.வின் வனரோஜா. 2019இலும் 2024இலும் தி.மு.க.வின் சி.என். அண்ணாதுரை.

பெயர்கள் மாறின, கொடிகள் மாறின, தொகுதியின் பெயரே இரண்டு முறை மாறியது. மலையிலிருந்து ஒருவராவது போனாரா? இல்லை. ஏன்?

கணக்கைப் பாருங்கள். இந்தத் தொகுதியில் ஆறு அஸெம்பிளித் தொகுதிகள்: ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம். இவற்றில் செங்கம் மட்டும் தாழ்த்தப்பட்டோருக்கான ரிசர்வ் தொகுதி. வாக்காளர்கள் ஏறக்குறைய 15 லட்சம். 2019இல் வெற்றி வித்தியாசமே 3 லட்சத்துக்கு மேல். 2011 கணக்குப்படி தமிழ்நாடு முழுவதிலும் உள்ள மலையாளி மக்கள், கைக்குழந்தை உட்பட, 3,57,980 பேர். ஜவ்வாது மலையில் இருப்பது அதில் ஒரு பகுதி. மலை முழுவதும் ஒரே பக்கம் திரும்பினாலும் முடிவு மாறாது. முடிவை மாற்ற முடியாத ஓட்டைத் தேடி எந்த அபேட்சகர் மலையேறுவார்?

இந்த அலட்சியத்துக்கு விலை உண்டு. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பகுதி அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போயிற்று. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் ரோடு முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. பெற்ற தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் பிறந்தவர்கள். உள்ளூரில் வேலையில்லை, நிலத்துக்குப் பட்டா இல்லை. கூலிக்கு மரம் வெட்டப் போனார்கள். செம்மரத்தில் லட்சம் லட்சமாகச் சம்பாதித்தவன் மேல் ஒரு குண்டும் பாயவில்லை.

சரி, தோழர்களே, என்ன வழி?

தமிழ்நாட்டில் 234 அஸெம்பிளி இடங்கள். பழங்குடி மக்களுக்கு முன்பு 3 இடங்கள் இருந்தன: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். 2008இல் உப்பிலியபுரம் போயிற்று, 2 ஆனது. 2001 கணக்கில் பழங்குடி மக்கள் நூற்றுக்கு 1.04 பேர். 234இல் அந்தப் பங்கு 2.4, ஆகவே 2 என்றார்கள். 2011 கணக்கில் 1.1 பேர். பங்கு 2.57 ஆகிறது. பாதிக்கு மேல் வந்துவிட்டது. அடுத்த மறுவரையறை எப்போது வந்தாலும் மூன்றாவது இடத்தைக் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது. பார்லிமெண்டில் 39 இடங்களுக்குப் பங்கு அரைக்கும் கீழே. அங்கே ஒன்றுகூட இல்லை. ஆகவே அஸெம்பிளியில் கிடைக்கக்கூடியதையும் விட்டுவிடக் கூடாது. மலையைக் கூறுபோடாதே, ஒரே தொகுதியில் சேர் என்று கேட்போம். கமிஷன் நகல் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் நாளில் நம் மனு அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் ரிசர்வ் தொகுதி வந்த மறுநாளே பட்டா வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாற்காலி வேறு, போராட்டம் வேறு. வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992இல் காட்டிலாகாவும் போலீசும் நடத்திய கொடுமைக்கு, மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடாமல் நின்றதால், 2011இல் உயிரோடிருந்த 215 குற்றவாளிகளும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களுக்கு நீதி வாங்கித் தந்தது ஓட்டு எண்ணிக்கை அல்ல, ஒற்றுமை.

நம் குறையையும் சொல்லியாக வேண்டும். 2019இலும் 2024இலும் கூட்டணி அபேட்சகருக்காக நாமும் ஓட்டுக் கேட்டோம். அடிவாரத்தில் பத்துக் கூட்டம் போட்டோம். மலை மேல் எத்தனை போட்டோம்? ஓட்டு குறைவு என்று மற்றவர்கள் போடும் கணக்கையே நாமும் போட்டுவிட்டோம். இது திருத்திக்கொள்ள வேண்டிய தவறு.

ஆகவே நம் முன் மூன்று வேலைகள். ஒன்று: 18 வயதான ஒவ்வொருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று குடிசை குடிசையாகப் பார்ப்போம். பிழைக்க வெளியூர் போனவன் பெயர் விட்டுப்போகக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படியே. எண்ணப்படாத தலைக்குப் பங்கு கிடையாது. இரண்டு: 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பழங்குடிக் குடும்பம் உழுதுவரும் காட்டு நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. முதலில் தீர்மானிக்க வேண்டியது தாசில்தார் அல்ல, கிராம சபை. கிராம சபையைக் கூட்டி மனுக் கொடுக்க வைப்போம். மூன்று: மலையாளி, வன்னியர், தாழ்த்தப்பட்டவர் என்று பிரிந்து நிற்கும் உழைப்பாளிகளை ஒரே சங்கத்தில் உட்கார வைப்போம்.

ஆலையில் வேலை செய்யும் தோழர்களே, கரும்பு வெட்டும் தோழர்களே! மலைக்காரன் பட்டினியால் இறங்கி வரும்போது குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறான். உங்கள் கூலியும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. அவன் நிலத்தில் அவன் நிலைத்தால் உங்கள் கூலிப் பேச்சும் பலப்படும். அவனுக்காகப் போராடுவது தர்மகாரியம் அல்ல. உங்கள் சொந்தக் காரியம்.

கோட்டை அவர்கள் கிழிக்கட்டும். கோட்டுக்கு இருபுறமும் நிற்கும் கைகளை நாம் கோப்போம்!