ஊதியமில்லா உழைப்பும் சட்டமும்

"கூலி வாங்கினால்தானே வேலை? சும்மா செய்வதற்குச் சட்டம் என்ன சொல்லும்?" என்று, அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்வோர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் ஆபத்தானது.

அந்நாட்டில் எஃப்-1 விசாவில் பயில்வோர், உரிய அனுமதியின்றிக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கலாகாது. உழைப்புக்கு ஈடாகத் தரும் உணவும் உறைவிடமும்கூட ஊதியமாகவே கொள்ளப்படும். ஏதும் பெறாவிடினும் இடர் நீங்கிவிடாது. 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில்தரச் சட்டப்படி, இலாபம் நாடும் நிறுவனத்துக்கு ஊழியர் செய்யவேண்டிய வேலையைத் 'தொண்டு' என்ற பெயரால் இலவசமாகச் செய்தல் பொதுவாக இயலாது. அறநிலையத்தில் ஏழையர்க்கு அன்னம் பரிமாறுவது தொண்டு. கடைக்காரருக்கு நாள்தோறும் கணக்கெழுதிக் கொடுப்பது வேலை. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

அனுமதியற்ற வேலை என்று தீர்ந்தால் மாணவ நிலை பறிபோகும். அதனை மீட்டுப் பெறவும் அதுவே தடையாய் நிற்கும். இந்த அச்சத்தால், தமக்குச் சேரவேண்டிய கூலியைக் கேட்கவும் மாணவர் நாவெழாது நிற்பர். முதலாளிக்குப் போவது பணம். மாணவனுக்குப் போவதோ படிப்பு.

ஆகவே, "அனுபவம் கிடைக்கும், வா" என்று எவரேனும் அழைத்தால், முதலில் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலரை அணுகுங்கள். பாடத்தோடு இணைந்த பயிற்சியாயின், தொடங்கு முன்பே ஐ-20 படிவத்தில் அனுமதியைப் பதிந்து பெறுங்கள். உழைக்கத் தயங்க வேண்டுவதில்லை. கேளாமல் உழைக்கத் தயங்குங்கள்.