பாடம் வீட்டிலே, கேள்வி வகுப்பிலே



உத்திரமேரூரில் மைக் பிடித்தால் கல்வெட்டைச் சொல்லாமல் இறங்க முடியாது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலை விதிகள். வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷம் கழியாமல் மறுபடி வரக்கூடாது. எல்லாருக்கும் முறை வரட்டும் என்பதுதான் அதன் கருத்து என்று எனக்குப் படுகிறது. நம்ம வகுப்பறைக்கு அந்த விதி வந்ததா? ஆசிரியர் பேசுவார், நாம் எழுதிக்கொள்வோம். அவ்வளவுதான்.

கருவி வந்தால் இது மாறும் என்று பலமுறை நம்பினோம். 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பாடம் நடத்தியது. 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் என்.பி.டி.இ.எல். தொடங்கின. 2004-ல் எஜுசாட் விண்ணில் ஏறியது. 2017-ல் ஸ்வயம் வந்தது. எல்லாம் நல்ல காரியமே. ஆனாலும் திரையில் ஒருத்தர் பேச, நாம் கேட்டுக்கொண்டே இருந்தால், பழைய வகுப்புதானே அது!

2020-ல் கொரோனா வந்து கல்லூரிகளை மூடியபோது கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறினார்கள். ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டார்கள். 2021-ல் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா கொடுத்தது. டேட்டா வந்தது, சரி. கேள்வி கேட்கிற துணிச்சல் டேட்டாவில் வருமா?

நான் வேலை பார்க்கிற துறையில் பாடம் தெரிந்து வருகிறவர்கள் நிறைய. "இது ஏன் இப்படி?" என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

சங்க நிதியில் ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று: என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேரக் காசு கிடையாது, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். முடியாத பிள்ளைகளுக்கு அதை நாம் கட்டுவோம். 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்க கல்லூரி அனுமதிக்கலாம். ஆகவே அந்தப் படிப்பு வீணாகாது.

இரண்டு: வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். சனிக்கிழமை வகுப்பில் கணக்கை அவர்களே போடட்டும். யார் போர்டுக்கு வருவது? பெயரை எழுதிக் குடத்தில் போடுவோம், சீட்டு எடுப்போம். தப்பாகப் போட்டால் யாரும் சிரிக்கக்கூடாது. ஆசிரியர் பக்கத்தில் நின்று வழி காட்டட்டும். நம்மில் மாதம் ஒருவர் வந்து கூட உட்காரலாம். முதல் மாதம் நான் வருகிறேன்.

ஆயிரம் வருஷம் முன்னால் ஊரை நடத்தக் குடம் வைத்தவர்கள் இந்த மண்ணின் ஆட்கள். பிள்ளைகளைப் பேச வைக்க நாம் ஒரு குடம் வைக்க முடியாதா?