அலை இல்லாத கடல்



நான் மண்டபத்தூர்க் குழுவிலிருந்து வந்திருக்கேன். நாங்க நைட்டி, பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் தைச்சுக்கிட்டு இருந்தோம். போன வருஷம் பயிற்சி கொடுக்க வந்த டீச்சர், "கடலை வச்சு ஒரு கலெக்‌ஷன் பண்ணுங்க"ன்னாங்க. கலெக்‌ஷன்னா பயப்பட ஒண்ணுமில்ல. புடவை, ரவிக்கை, துப்பட்டா, பை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி நிறத்திலயும் தையல் வேலையிலயும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான்.

நான் உடனே நோட்டுல அலை, சங்கு, நட்சத்திர மீன்னு வரைஞ்சேன். எங்க குழு அக்கா ஒருத்தங்க நோட்டைத் தள்ளி வச்சுட்டு, "அலையை மட்டும் என்னைத் தைக்கச் சொல்லாதே"ன்னாங்க. 2004 டிசம்பர் 26 அன்னைக்கு அவங்க வீட்டுல யாரைக் கடல் கொண்டுபோச்சுன்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் யோசிக்காம வரைஞ்சுட்டேன். அன்னைக்கு யாரும் மெஷினை மிதிக்கல.

மறுநாள் டீச்சர் ஒரு சின்னத் துணிப் பொம்மையைக் கொண்டுவந்தாங்க. அதுக்குப் பேர் சுனாமிகா. சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005ல, ஆரோவில்ல இருக்கிற உபாசனா நிறுவனத்தின் ஆடை வடிவமைப்பாளர் உமா பிரஜாபதி, மீனவப் பெண்களுக்கு இதைச் செய்யக் கத்துக்கொடுத்தாங்க. தைச்சது போக மிஞ்சின துண்டுத் துணியில செய்யறது. விலைக்கு விக்கிறதில்ல, அன்பளிப்பாத்தான் கொடுக்கிறாங்க. அந்தப் பொம்மையில அலை இல்ல, ஆனாலும் அது கடலோரத்துக் கதையைச் சொல்லுது.

அப்புறம் எல்லாரும் வட்டமா உக்காந்து, "நாம தினம் பாக்கிற கடல் எது?"ன்னு கேட்டுக்கிட்டோம். ஒருத்தி வலைக்கண்ணுன்னா. அது முந்தானையில சங்கிலித் தையலாச்சு. சங்கரா மீனோட சிவப்பு ரவிக்கைக்கு வந்துச்சு. ஐப்பசி, கார்த்திகையில ஆத்துத் தண்ணி கலந்து கலங்குற கடலோட பழுப்பு நிறம் புடவைக்கு. கானாங்கெளுத்தி முதுகுல இருக்கிற கருப்புப் புள்ளி துப்பட்டா ஓரத்துக்கு.

பைக்கு என்ன போடலாம்னு யோசிச்சப்போ, அந்த அக்காவே வாயைத் திறந்தாங்க. "படகு போடுங்க. ஆனா எல்லாப் படகும் கரையைப் பாத்துத்தான் வரணும்." அப்படியே போட்டோம். முதல் பையை அவங்களே தைச்சாங்க.

கண்காட்சியில பைதான் முதல்ல வித்துத் தீந்துச்சு. புடவையில தப்புக் கணக்குப் போட்டுட்டோம். வலைக்கண் தையலுக்கு ஆன நேரத்தை எழுதி வைக்காம, துணிக்கும் நூலுக்கும் மட்டும் கணக்குப் பாத்து விலை சொன்னோம். வித்தும் கூலி நிக்கல. இப்ப யார் எத்தனை மணி நேரம் தைச்சாங்கன்னு தினமும் நோட்டுல ஏத்துறோம்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகள்ல வருமானம் நிக்கிற அந்த நாள்ல இந்தத் தையல் கைகொடுக்கும்னு நம்பி வேலை பாக்கிறோம்.

தங்கச்சிகளா, புது டிசைன் போடும்போது போன்ல படம் தேடுறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களைக் கேளுங்க. எதை வரையலாம், எதை வரையக் கூடாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.