பெட் ஸ்கேனில் வரும் எண்: பயப்படும் முன் கேட்க வேண்டியவை

(புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்கான விளக்கக் கூட்டத்தில், நாமக்கல் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எங்கள் அத்தாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எடுத்த முதல் பெட் ஸ்கேனில், கட்டியின் ‘எஸ்.யூ.வி.’ 7.2 என்று இருந்தது. சில சுற்று கீமோவுக்குப் பிறகு எடுத்ததில் 8.0. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே ‘சிகிச்சை வீண்’ என்று நான் முடிவு செய்துவிட்டேன். நகையை அடகு வைத்து அத்தாவை வேறு ஊருக்கு அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தேன்.

டாக்டர் அறிக்கையைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: “இப்போது எடை எவ்வளவு?” நிறுத்துப் பார்த்தால் 54 கிலோ. ஸ்கேன் அன்று, பழைய நினைப்பில் 60 என்று சொன்னவன் நான்தான். திருத்திக் கணக்குப் போட்டதும் அதே 7.2 வந்தது. எண் குறையவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. கட்டியின் அளவையும் மற்றப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் அடுத்த சிகிச்சையை முடிவு செய்தார். நகை வீட்டிலேயே இருந்தது.

அன்றுதான் இந்த எண் எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். ஈரானின் தப்ரீஸில் பிறந்த டாக்டர் அப்பாஸ் அலவியும் அவருடைய குழுவினரும் 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்திப் படமெடுத்த மருந்து இது. புற்றுநோய்க் கட்டி சர்க்கரையை அதிகம் இழுப்பதால் படத்தில் ஒளிர்கிறது. மருந்து உடல் முழுவதும் சமமாகப் பரவினால் எங்கும் எஸ்.யூ.வி. 1 இருக்கும். 8 என்றால் அதைப்போல் எட்டு மடங்கு. இந்தக் கணக்கில் மருந்தின் அளவும் நோயாளியின் எடையும் சேர்கின்றன.

எடை மட்டுமல்ல. ஊசி போட்டு சுமார் 60 நிமிடத்தில் படம் எடுப்பது வழக்கம். 90 நிமிடம் ஆனால் கட்டியின் எண் பெரும்பாலும் கூடும். ரத்தச் சர்க்கரை அதிகமாக இருந்தால் எண் குறைந்து, பொய்யான நிம்மதி தரும். காசநோயும் மற்றக் கிருமித் தொற்றுகளும்கூட ஒளிரும். மெஷின் மாறினாலும், அதன் மென்பொருள் மாறினாலும் எண் மாறும். எல்லாம் சரியாக இருந்தும், ஒரே ஆளைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்தால் 10 முதல் 15 விழுக்காடு வரை வித்தியாசம் வரலாம். அதனால்தான் 2009இல் வெளியான ‘பெர்சிஸ்ட்’ என்ற அளவுகோல், குறைந்தது 30 விழுக்காடு மாறினால்தான் அதை மாற்றமாகக் கொள்கிறது.

இப்போது கம்ப்யூட்டர் ஒரே படத்திலிருந்து கட்டியின் வடிவம், உள்ளே உள்ள ஏற்ற இறக்கம் என்று நூற்றுக்கணக்கான எண்களை எடுக்கிறது. ஒரே பெயருள்ள எண்ணை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டு வந்தன. 2020இல்தான் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, 169 எண்களுக்குப் பொதுவான கணக்கு முறையை வகுத்து வெளியிட்டார்கள். ஆகவே ‘கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது’ என்று யாரும் அவசரப்பட வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை:

முடிந்தவரை அடுத்த ஸ்கேனையும் அதே மையத்தில் எடுங்கள். பழைய அறிக்கையோடு சி.டி.யையும் கொண்டுபோங்கள். எடையை வாயால் சொல்லாமல், அன்றே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், அண்மையில் வந்த காய்ச்சல், கடைசி கீமோ தேதி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரமலானில் இன்னும் கவனம் வேண்டும். பொதுவாக ஆறு மணி நேரம் வெறும் வயிறு கேட்பார்கள். நாலரை மணிக்கு ஸஹர் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் போய் “நோன்பு வைத்திருக்கிறேன்” என்றால், ராத்திரி முதல் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைச் சொல்லுங்கள். தண்ணீரும் குடிக்கச் சொல்வார்கள். அன்றைய நோன்பு பற்றி முன்னதாகவே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் கூடினாலும் குறைந்தாலும், சிகிச்சையை நிறுத்தும் முன், கடன் வாங்கும் முன், டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இரண்டு ஸ்கேனும் ஒரே மாதிரிதான் எடுக்கப்பட்டதா?” கேட்கத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம். நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபா தருவானாக. வஸ்ஸலாம்.