அக்டோபரா, ஏப்ரலா? அப்பாவோட எவரெஸ்ட் பேஸ் கேம்ப்

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அப்பா. ரெண்டு மாசம் முன்னாடி ரிட்டையர் ஆனார், 60 வயசு. அந்த வாரமே ராத்திரி சாப்பிடும்போது, "நீ பாதியில திரும்பி வந்தியே, அந்த இடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியாடா?"ன்னு கேட்டார். தோசை ஊத்திட்டு இருந்த அம்மா கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க.

நான் பாதியில திரும்பின இடம் நேபாளத்துல இருக்கிற எவரெஸ்ட் பேஸ் கேம்ப். 5,364 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் மெரினா பீச்சுல இருக்கிறதுல கிட்டத்தட்ட பாதிதான். மூணு வருஷம் முன்னாடி போனேன், போய்ச் சேரலை. அந்தக் கதை வருது. அதுக்கு முன்னாடி அப்பாவோட ரெண்டாவது கேள்வி: "எந்த மாசம் போகணும்?"

கூகுள்ல போட்டா ஒரே செகண்டுல பதில் வரும். அக்டோபர், நவம்பர். இல்லைன்னா மார்ச் கடைசியில இருந்து மே வரைக்கும். இது தப்பான பதில் இல்லை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பருவமழை. கீழ் வழியெல்லாம் சேறு, அட்டை. மலை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத அளவுக்கு மேகம். அந்த மாசத்துல மலை வேணும்னா மழை மறைவுப் பகுதியான லடாக், ஸ்பிதி, நேபாளத்துல மேல் முஸ்தாங் மாதிரி இடங்களுக்குப் போகலாம். அதுலயும் கேரண்டி கிடையாது, 2010 ஆகஸ்ட்ல லே ஊரையே மேகவெடிப்பு புரட்டிப் போட்டுச்சு. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை வானம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா குளிரு எலும்புக்குள்ள போகும், மேல பல லாட்ஜ்களைப் பூட்டிட்டு ஜனங்க கீழ இறங்கிடுவாங்க. அப்பாவை அதுக்கெல்லாம் கூட்டிட்டுப் போற ஐடியா எனக்கு இல்லை.

ஆக மிச்சம் ரெண்டு ஜன்னல். ரெண்டுல அக்டோபரைத்தான் எல்லாரும் "பெஸ்ட் சீசன்"னு சொல்வாங்க. மழை காத்துல இருக்கிற தூசியைக் கழுவிட்டுப் போயிருக்கும், நீலமான வானம், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மலை தெரியும். நீங்க இன்ஸ்டாவுல பார்க்கிற போட்டோக்கள்ல பாதி அந்த மாசத்துல எடுத்ததாத்தான் இருக்கும்.

ஆனா அக்டோபர்னு சொன்னதும் சென்னைக்காரங்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் வரணும். ரமணன் சார் டிவியில வந்தாலே நாளைக்கு ஸ்கூல் லீவான்னு பார்த்து வளர்ந்த ஜெனரேஷன் நாம. வங்கக்கடல்ல புயல் உருவாகுற மாசமும் அதேதான். அந்தப் புயல் கரையேறினதும் செத்துப் போயிடுதுன்னு நாம நினைச்சுக்கிறோம். அதுல இருக்கிற ஈரம் எங்கயும் போகலை. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்துல கரையேறுச்சு. ரெண்டே நாள்ல அதோட மிச்சம் நேபாளம் போய், அன்னபூர்ணா வட்டாரத்துல 5,416 மீட்டர்ல இருக்கிற தொராங் லா கணவாய்ல பனிப்புயலா கொட்டுச்சு. வெளிநாட்டு ட்ரெக்கர்கள், உள்ளூர் வழிகாட்டிகள், சுமை தூக்குறவங்க எல்லாம் சேர்த்து 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல நிறைய பேர் அன்னைக்குக் காலையில கணவாயைத் தாண்டிடலாம்னு கிளம்பினவங்க. 2021 அக்டோபர் மூணாவது வாரம் உத்தராகண்ட்ல பேய் மழை. ஹர்சில்ல இருந்து சித்குல் போற லம்காகா கணவாய் வழியில அப்பவும் ட்ரெக்கர்கள் இறந்தாங்க. இதுவும் "பெஸ்ட் சீசன்"தான்.

நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, பெஸ்ட் சீசன்ங்கிறது ஒரு ஆவரேஜ். ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமைப் பார்த்து யாராவது சர்வர் சைஸ் முடிவு பண்ணுவாங்களா? பி99 பார்ப்போம். நூறுல அந்த ஒரு ரெக்வெஸ்ட் என்ன ஆகுதுன்னு பார்ப்போம். மலைக்கு மட்டும் நான் ஆவரேஜை நம்பிப் போனேன்.

இப்போ என் கதை. அந்த வருஷம் ஆயுத பூஜை, விஜயதசமி லீவை ஒட்டி பத்து நாள் லீவு போட்டேன். சனி, ஞாயிறு சேர்த்தா 16 நாள். லுக்லாவுல இருந்து மேல போய்த் திரும்ப 11, 12 நாள், போகவர மிச்சம். ஷீட்ல அழகா பொருந்துச்சு. ஒரு நாள்கூட உபரி இல்லைங்கிறதை அப்போ ஒரு திறமையா நினைச்சேன், ஸ்ப்ரிண்ட் பிளான் பண்ற புத்தி.

லுக்லா ஏர்போர்ட் ஓடுதளம் வெறும் 527 மீட்டர், அதுவும் சரிவா இருக்கும். பைலட் கண்ணால பார்த்துத்தான் இறங்கணும். மேகம் வந்தா ஃப்ளைட் கிடையாது, பேச்சே இல்லை. சீசன் கூட்டத்துல காத்மாண்டுல இருந்து நேரா விட மாட்டாங்க. நாலஞ்சு மணி நேரம் தள்ளி இருக்கிற ராமேச்சாப்ல இருந்து விடுவாங்க. நடு ராத்திரி கிளம்பி வேன்ல குலுங்கிப் போய், ரெண்டு நாள் அங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். மேகம் விலகலை. மூணாம் நாள் காலையிலதான் ஃப்ளைட் கிடைச்சுது.

போன ரெண்டு நாளை எங்க பிடிக்கிறது? ஒண்ணு, முதல் நாள் பக்டிங்ல தங்காம 3,440 மீட்டர் நாம்சே பஜாருக்கு ஒரே மூச்சுல ஏறிட்டேன். இன்னொண்ணு, டிங்போச்சேல உடம்பு உயரத்துக்குப் பழகறதுக்குன்னு இருந்த ஓய்வு நாளை வெட்டிட்டேன். எங்க வழிகாட்டியை நாங்க "தாய்"னு கூப்பிடுவோம். நேபாளியில அண்ணன்னு அர்த்தம், போன்ல கேட்ட எங்க அம்மா மட்டும் கடைசி வரைக்கும் வேற மாதிரியே புரிஞ்சுக்கிட்டாங்க. அவர் ஒரு நாள் இருந்துட்டுப் போகலாம்னு மூணு தடவை சொன்னார். நான் என் ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினேன்.

3,000 மீட்டருக்கு மேல, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது, மூணு நாலு நாளுக்கு ஒரு தடவை அதே உயரத்துல இன்னொரு ராத்திரி தங்கணும். இது எனக்குத் தெரியாம இல்லை, இதே பாட்காஸ்ட்ல முன்னாடி பேசியிருக்கேன். பழைய எபிசோடைத் தேடிக் கேட்டுட்டு திட்டாதீங்க.

லொபுச்சேல, 4,900 மீட்டருக்கு மேல, சாயங்காலம் தலைவலி ஆரம்பிச்சுது. வெயில்னு சொல்லிக்கிட்டேன். ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. தாய் என்னை எழுப்பி, லாட்ஜ் வராண்டாவுல ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு கால் ஒட்டி வெச்சு நேர்க்கோட்டுல நடக்கச் சொன்னார். நாலாவது அடியில சுவத்தைப் பிடிச்சேன். அவர் ஒண்ணும் பேசலை. என் பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார், ஹெட்லைட்டை மாட்டினார், இறங்க ஆரம்பிச்சோம். பெரிச்சேல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்துற கிளினிக் இருக்கு. அங்க ஆக்சிஜன் வெச்சு, மருந்து கொடுத்து, இன்னும் கீழ போன்னு அனுப்பினாங்க. பேஸ் கேம்ப் லொபுச்சேல இருந்து அரை நாள் நடைதான்.

இதுல எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கிற விஷயம் ஒண்ணு சொல்றேன். நான் தள்ளாடி இறங்கின அன்னைக்கு விடிஞ்சப்போ வானத்துல ஒரு துளி மேகம் இல்லை. அமா தப்லாம் தங்கம் மாதிரி நின்னுச்சு. பெஸ்ட் சீசன், பெஸ்ட் நாள். சீசன் என்னைக் கைவிடலை, எங்கிட்ட நாள் இல்லை.

சரி, அப்பா விஷயத்துக்கு வரேன். என்னைத் தனியா கேட்டா, நவம்பர் ரெண்டாவது வாரத்துக்கு மேலன்னு சொல்வேன். மழை முழுசா போயிருக்கும், அக்டோபர் கூட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், குளிர் கூடும் ஆனா தாங்கலாம். அப்பாவும் சரின்னார். அம்மா மட்டும் ஒண்ணு கேட்டாங்க: "நவம்பர்ல ரெண்டு பேரும் கிளம்பிட்டா தண்ணி வந்தா நான் என்ன பண்றது?"

எங்க வீடு வேளச்சேரியில கிரவுண்ட் ஃப்ளோர். 2015 டிசம்பர்ல பீரோவோட அடித்தட்டு வரைக்கும் தண்ணி. 2023-ல மிக்ஜாம் வந்தப்போ காரை மேம்பாலத்துல ஏத்திட்டு, ரெண்டு நாள் மாடி வீட்டுல இருந்தோம். இன்வெர்ட்டரைக் கழட்டுறது, கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்கிறது எல்லாம் நானும் அப்பாவும்தான். இமயமலைக்கு நல்ல சீசன்னு நான் ஷீட்ல பச்சைக் கலர் அடிச்ச அந்த நாலு வாரம், எங்க அம்மாவுக்கு சிவப்பு. இந்தக் காலம் என் ஷீட்லயே இல்லை. ட்ரெக் சைட் எதுலயும் இருக்காது.

அப்பதான் தாய் ஞாபகம் வந்தார். நான் விஜயதசமி லீவுன்னு போனேனே, அது நேபாளத்துல தசைன் பண்டிகை, அவங்களுக்கு வருஷத்தோட பெரிய திருவிழா. பெரியவங்க சின்னவங்க நெத்தியில டீகா வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. அவருக்கு ஊர் போக்ரா பக்கம். நாம்சேல வைஃபை கார்டு வாங்கி வீடியோ கால் போட்டார். அவங்க அம்மா போன் திரையில டீகா வெச்சாங்க. நான் பக்கத்துல மோமோ சாப்பிட்டுட்டு இருந்தேன். அதுக்கு அடுத்து வர்ற திஹார், நம்ம தீபாவளி சமயம். நம்ம பெஸ்ட் சீசனை நடத்திக் கொடுக்கிறவங்க ரெண்டு பண்டிகைக்கும் வீட்டுல இருக்க மாட்டாங்க. அன்னைக்கு இதைக் கவனிக்கிற நிலைமையில நான் இல்லை.

அதனால ஏப்ரல். இதுலயும் குறை இருக்கு, மறைக்க மாட்டேன். மார்ச், ஏப்ரல்ல காட்டுத்தீப் புகையும் தூசியும் சேர்ந்து காத்மாண்டு மங்கலா இருக்கும், கீழ்ப் பள்ளத்தாக்குல வியூ சுமார்தான். மேல போனா காலையில தெளிவு, மதியத்துக்கு மேல மேகம் ஏறும். அதனால விடியற்காலையிலயே நடந்து முடிக்கணும். 35 வருஷம் நாலரை மணிக்கு எழுந்த மனுஷனுக்கு அது பிரச்சனை இல்லை, எனக்குத்தான். லுக்லா ஃப்ளைட் கேன்சல் ஆகிறது அப்பவும் உண்டு. மே மாசத்துல வங்கக்கடல் திரும்பவும் புயலுக்குத் தயாராகும், அதனால அதுக்கு முன்னாடி இறங்கிடணும்.

நல்லது என்னன்னா, நாம்சே, தெங்போச்சே பக்கம் ரோடோடெண்ட்ரான் பூக்கிற நேரம். நவம்பர் கடைசியைவிட குளிர் குறைவு. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு வெச்சுக்கங்க, நாம்சேக்கும் பேஸ் கேம்ப்புக்கும் 12 டிகிரி வித்தியாசம் வரும். 60 வயசுக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. எவரெஸ்ட் ஏறுற குழுக்கள் பெரும்பாலும் இந்த சீசன்லதான் வருவாங்க, அதனால பேஸ் கேம்ப்ல நிஜமாவே கேம்ப் இருக்கும். அக்டோபர்ல போனா பெரும்பாலும் வெறும் கல்லும் பனியும்தான். பெரிச்சே கிளினிக் வசந்தம், இலையுதிர்னு இந்த ரெண்டு சீசன்லயும் திறந்திருக்கும். அப்பாவைக் கூட்டிட்டுப் போறப்போ நான் முதல்ல பார்த்தது வானிலை இல்லை, இதைத்தான்.

நாள் கணக்கு: மொத்தம் 21. நாம்சேல ரெண்டு ஓய்வு நாள், டிங்போச்சேல ரெண்டு, ஃப்ளைட்டுக்குன்னு உபரி மூணு. ஏப்ரல் எங்க ஆபீஸ்ல அப்ரைசல் மாசம். மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார். அஞ்சு நாள் சம்பளம் இல்லாத லீவு. போகட்டும். அப்பாவுக்கு பி.பி. மாத்திரை உண்டு, அதனால இதய டாக்டரைப் பார்த்து டிரெட்மில் டெஸ்ட் முடிச்சாச்சு. மேல போற மாத்திரை விஷயமும் அவர்கிட்டதான் கேட்டோம். நீங்களும் என்னைக் கேட்காம டாக்டரைக் கேளுங்க. தினமும் காலையில பரங்கிமலை படிக்கட்டுல அப்பா ஏறி இறங்குறார். முதல் வாரம் நாலு தடவை உட்கார்ந்தார், இப்போ என்னைக் கீழ விட்டுட்டுப் போயிடுறார்.

எல்லாம் பிளான்படி நடந்தா சித்திரை ஒண்ணாம் தேதி டிங்போச்சேல இருப்போம். நேபாளப் புத்தாண்டும் அதே சமயத்துலதான். தாய்க்கு மெசேஜ் போட்டேன், அவரே வர்றார். டிக்கெட் போட்ட அன்னைக்கு ராத்திரி அப்பா ஒரு கண்டிஷன் வெச்சார். தலைவலின்னா யாருக்கு வந்தாலும் அந்த நிமிஷமே சொல்லணும், ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கணும், ஒருத்தர் மட்டும் மேல போகக் கூடாது. நான் சரின்னேன். "நீ ஈசியா சரின்னுட்ட. எழுதிக் குடு"ன்னார். எழுதிக் கொடுத்திருக்கேன், ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி இருக்கு. அதுக்குக் கீழ அம்மா அவங்க கையெழுத்துல ஒரு வரி சேர்த்திருக்காங்க: இறங்கினா உடனே போன்.

மே மாசம் வந்து மிச்சத்தைச் சொல்றேன். அதுவரைக்கும் பழைய எபிசோடுகளைக் கேளுங்க, அந்த ஒண்ணைத் தவிர. பார்ப்போம் மக்களே.