காசும் போய் கட்டுரையும் போய்

(தென்காசியில் ஆய்வு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சேரி சேரியா அலைந்து, பெரியவங்க சொன்னதையெல்லாம் எழுதியெடுத்து, ஒரு தலித் மாணவர் கட்டுரையை முடிக்கிறார். உடனே ஒரு மின்னஞ்சல் வருது. ‘பன்னாட்டு ஆய்விதழ், மூன்றே நாளில் பிரசுரம்.’ இல்லாட்டி, ‘குற்றாலத்தில் சர்வதேசக் கருத்தரங்கம், நேரில் வராட்டியும் சான்றிதழ் உண்டு.’ உதவித்தொகைப் பணம் அங்கே போகிறது.

இது சில்லறைத் திருட்டு அல்ல. ஹைதராபாத்தில் தொடங்கிய ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது 2016இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னார்கள். சம்மதிக்காத பேராசிரியர்களின் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டார்கள். கட்டணத்தை முதலில் மறைத்தார்கள்.

அரசுப் பட்டியல் காப்பாற்றுமா? பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பிறகு வந்த ‘கேர்’ பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி நாமதான் பார்த்துக்கணும்.

நான் வங்கி எழுத்தர். காசோலை வந்தால் தாளின் பளபளப்பைப் பார்க்க மாட்டோம். கையெழுத்து, தேதி, கணக்கு பார்ப்போம். இங்கேயும் அதேதான். பழைய இதழ்களை எடுத்து இரண்டு கட்டுரை படிங்க. ஆசிரியர் குழுவில் இருக்கிற ஒருத்தருக்கு அவரோட பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேளுங்க. ஐ.எஸ்.எஸ்.என். என்பது வெறும் பதிவு எண், தரச் சான்று இல்லை. நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துறாங்க. நூலகரிடம் காட்டிச் சரிபாருங்க. கட்டணம் வாங்குவதே குற்றமில்லை; எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்றாங்களா என்று பாருங்க. இயற்பியலுக்கும் இலக்கியத்துக்கும் ஒரே மேடை என்றால், அழைப்பிதழில் பெயர் உள்ள பேச்சாளரிடமே விசாரிங்க.

காசு போனா சம்பாதிச்சுக்கலாம். கட்டுரை போனா? ஒருமுறை அச்சானதை நல்ல இதழ்கள் மறுபடி வாங்காது. வன்கொடுமை பற்றி நாம் திரட்டிய சாட்சியம், யாரும் நம்பாத இடத்தில் கிடக்கும். அதே கடையில் ஆதிக்கசாதிப் பேராசிரியரும் காசு கட்டித்தான் பதவி உயர்வு வாங்குகிறார். ஆனால் ‘கோட்டாவில் வந்தவன் தரம் இதுதான்’ என்ற பேச்சு நம்மை நோக்கித்தான் வரும்.

சாதியின் தோற்றம் பற்றிய தன் கட்டுரையை அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் படித்தார். மறு ஆண்டு அது ‘இந்தியன் ஆன்டிகுவரி’யில் வெளிவந்தது. நூறு வருஷம் தாண்டியும் அதோடு வாதாடுகிறார்கள். நம்ம கட்டுரைக்கும் அப்படி வாதாட ஆள் வேணும்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு இங்கே கூடுவோம். ஒருத்தர் எழுதியதை மற்றவர்கள் கறாராகப் படிப்போம். ‘பணம் கட்டு’ என்று மின்னஞ்சல் வந்தால், கட்டுவதற்கு முன்னால் அதை இங்கே கொண்டுவாங்க. சேர்ந்து பார்ப்போம்.