போன் சொல்லும் வழி, பலகை சொல்லும் வழி



நம்மில் பலர் கையில் இன்று புதுப் போன் இருக்கிறது. அதில் வழி காட்டும் படம் இருக்கிறது. "வலது பக்கம் திரும்பவும்" என்று அது பேசுகிறது. அது சொல்வதை எல்லாம் அப்படியே நம்பலாமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் என் சித்தி வீடு. அவருக்கு மருந்து கொண்டு போக வேண்டும். அம்மாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் புறப்பட்டேன். கொழிஞ்சாம்பாறை தாண்டினோம். கோபாலபுரமும் தாண்டினோம். அங்கே போன் ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. நானும் திரும்பிவிட்டேன்.

தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு வாய்க்கால் கரையானது. பொழுதும் சாய்ந்துவிட்டது. "நேராகச் செல்லவும்" என்றது போன். அப்போது அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"நில்லு, நில்லு. அங்கே ஒரு பலகை இருக்குது."

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "பா-ல-ம் வே-லை. வ-ழி இல்-லை." இறங்கிப் பார்த்தேன். முன்னால் பாலமே இல்லை. பள்ளம்தான் இருந்தது.

அம்மா நம் மையத்தில் படித்தவர். அன்று எங்கள் இருவரையும் காத்தது அவர் படித்த எழுத்து.

போன் ஏன் தவறியது? ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா அமைத்தது. 1995 முதல் முழுமையாக இயங்குகிறது. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தைப் போன் கணக்குப் போட்டுவிடும். மலை, உயர்ந்த கட்டடம், அடர்ந்த மரம் மறைத்தால் கணக்குப் பிசகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோள் சொல்வது நாம் நிற்கும் இடத்தை மட்டும்தான். ரோடு எங்கே போகிறது என்பதைச் சொல்வது படம். படத்தை வரைந்தவர்கள் மனிதர்கள். நேற்று இடிந்த பாலம் இன்றைய படத்தில் இருக்கலாம். இன்று பெய்த மழை அதில் தெரியாது.

இதனால் உயிரும் போயிருக்கிறது. 2023 அக்டோபர் 1. கொச்சி அருகே கோதுருத்து. நள்ளிரவு, நல்ல மழை. போன் காட்டிய வழியில் வந்த கார் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். 2024 மே மாதம் கோட்டயம் அருகே குறுப்பந்தறையில் ஒரு கார் தோட்டுக்குள் போனது. வந்தவர்கள் ஹைதராபாத்துக்காரர்கள். நான்கு பேரும் பிழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், பரேலி அருகே, பாதியில் அறுந்து கிடந்த பாலத்திலிருந்து கார் விழுந்தது. மூன்று பேர் மாண்டார்கள்.

அப்படியானால் போனைத் தூக்கி எறிவதா? வேண்டாம். அது நல்ல உதவிதான். ஆனால் சில பழக்கங்கள் வேண்டும்.

புறப்படும் முன்பே வழியைப் பார்த்துக் கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத ஊர் என்றால் படத்தை முன்பே இறக்கி வையுங்கள். போவது பைக்கா, காரா என்று போனில் சரியாகக் குறியுங்கள். மழை இரவில் தெரியாத குறுக்கு வழி வேண்டாம். ரோட்டில் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்காதீர்கள். ஓட்டும்போது போனைப் பார்க்காதீர்கள். ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பலகையைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிக் கேளுங்கள். அன்று ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். "திரும்பிப் போய் ஆலமரத்துல இடது பக்கம் போம்மா" என்றார். பத்தே நிமிடத்தில் சித்தி வீட்டில் இருந்தோம்.

இப்போது நான் வண்டி எடுத்தால், பலகை படிப்பது அம்மாவின் வேலை. நாளை வரும்போது நீங்களும் வழியில் பார்த்த ஒரு பலகையை எழுதிக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.